கிணற்றிலிருந்து ஒரு சாட்சியம்

மர்ம நாவல் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. முதல் பக்கத்தில் ஒரு பிணம் விழும். இடையில் துப்பறிவாளர் ஒருவர் வருவார். கடைசிப் பக்கத்தில் கொலையாளி அகப்படுவான். நூலை மூடி வைத்த மறுநாள், செத்தவனின் பெயர்கூட நம் நினைவில் இராது. பேருந்துப் பயணத்தில் இரண்டு மணி நேரம் போனதுதான் கண்ட பலன். அப்படிப்பட்ட ஒரு நூலைக் குடும்ப ஏட்டில் எடுத்துப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கக் கூடும்.

அன்பு வாசகர்களே! நான் பேச வந்திருப்பது செத்தவனை மறக்க விடாத ஒரு மர்ம நாவலைப் பற்றி. துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் 1998-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட 'என் பெயர் சிவப்பு' என்பது அது. 2001-இல் ஆங்கிலத்தில் வந்து, 2003-இல் டப்ளின் நகரின் இம்பாக் இலக்கியப் பரிசைப் பெற்றது. 2006-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தைக் காலச்சுவடு பதிப்பகம் 2009-இல் வெளியிட்டது.

கல்லூரியில் கலைப் பிரிவில் பட்டம் பெற்று, பின்னர் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நான், இந்நூலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கொலையாளி யார் என்று அறியும் ஆவலில் படித்தேன். இரண்டாம் முறை, எனக்குச் செய்தி சொன்னவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அறியப் படித்தேன். இரண்டாம் வாசிப்பில் கிடைத்ததையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கொலையாளியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் ஆவலைக் கெடுப்பது அழகன்று.

கதை நிகழும் களம்

காலம் 1591-ஆம் ஆண்டின் குளிர்காலம். இடம் பனி பொழியும் இஸ்தான்புல் மாநகர். 1574 முதல் 1595 வரை உஸ்மானியப் பேரரசை ஆண்ட சுல்தான் மூன்றாம் முராத் அரியணையில் வீற்றிருக்கிறார். அந்த ஆண்டில்தான் ஹிஜ்ரி ஆயிரம் பிறக்கிறது. ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டுத் தம் ஆட்சியின் பெருமையைக் காட்டும் சித்திர நூலொன்றை இரகசியமாகத் தயாரிக்குமாறு சுல்தான் பணிக்கிறார். பொறுப்பேற்பவர் எனிஷ்டே என்று அழைக்கப்படும் பெரியவர். வெனிஸ் நகருக்குத் தூது சென்றபோது அங்கே கண்ட உருவப் படங்களில் மனம் பறிகொடுத்து வந்தவர் அவர்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஹிராத் நகரத்து பிஹ்ஸாத் போன்ற மேதைகளின் வழிவந்த ஓவியர்கள், உலகை உயரத்திலிருந்து காண்பது போல வரைந்தார்கள். எது மேன்மையானதோ அது பெரிதாக இருக்கும். ஐரோப்பிய ஓவியனோ, தெருவில் நிற்கும் ஒரு மனிதனின் கண் எப்படிக் காண்கிறதோ அப்படியே வரைந்தான். அந்த முறையில் வரைந்தால், தொலைவில் இருக்கும் ஒரே காரணத்தால் பள்ளிவாசலும் சிறுத்துப் போகும். அருகில் நிற்கும் அற்பப் பொருள் பெருத்துத் தெரியும். நம் கண்ணுக்கு இது சிறு நுணுக்கம். அந்த ஓவியர்களுக்கோ அது ஈமானைத் தொடும் கேள்வி.

உஸ்மானிய அரண்மனைக்கு ஐரோப்பிய உருவப் படம் புதிதன்று. கான்ஸ்டாண்டிநோபிளை 1453-இல் வென்ற சுல்தான் முஹம்மத் அல்ஃபாத்திஹ் அவர்களின் உருவத்தை 1480-இல் வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினி வரைந்தார் என்பது வரலாறு. நாவலில் வரும் தலைமை ஓவியர் உஸ்மானும் வரலாற்று மனிதரே. 1582-இல் இளவரசரின் கத்னா விழாவைச் சித்திரிக்கும் புகழ்பெற்ற விழா நூலை வரைந்த குழுவின் தலைவர் அவர்.

அந்த இரகசிய நூலுக்குப் பொன்முலாம் பூசும் கலைஞர் ஸரீஃப் எஃபெந்தி கொல்லப்பட்டு, ஒரு பாழுங்கிணற்றில் வீசப்படுகிறார். நாவலின் முதல் அத்தியாயத்தில் நம்மோடு பேசுவது அவருடைய மையித்து! தாம் கொல்லப்பட்டு நான்கு நாட்கள் ஆயின என்கிறார். மனைவி மக்கள் வாசலைப் பார்த்தபடி காத்திருப்பார்கள் என்று ஏங்குகிறார். தமது உடலைத் தேடி எடுத்து, தொழுகை நடத்தி அடக்கம் செய்யுமாறும், தம்மைக் கொன்றவனைக் கண்டுபிடிக்குமாறும் நம்மை வேண்டுகிறார்.

குளிப்பாட்டல், கஃபன், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் ஆகியவை இறந்தவருக்கு உயிரோடிருப்போர் செலுத்த வேண்டிய கடமைகள் என்று பாடம் சொல்பவன் நான். இந்த அத்தியாயத்தைப் படித்தபோது, அந்தக் கடமை யாரோ ஒரு துருக்கியனின் கதையாகத் தோன்றவில்லை. ஒரு முஸ்லிம் தன் ஹக்கைக் கேட்கிறான் என்றே தோன்றியது. (இறந்தவர் பேசுவதும் ஆலமுல் பர்ஸகைப் பற்றிய வர்ணனைகளும் ஆசிரியரின் கற்பனை. அவற்றை மார்க்கச் செய்திகளாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நூலின் நுழைவாயிலில் மூன்று இறைவசனங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது, ஒரு மனிதனைக் கொன்றுவிட்டுப் பழியை ஒருவர் மேல் ஒருவர் சுமத்திய கூட்டத்தாரைப் பற்றி 'அல்பகரா' அத்தியாயத்தில் வரும் வசனம். பசுவை அறுத்து, அதன் ஒரு பகுதியால் அடித்தபோது கொலையுண்டவன் உயிர்பெற்றெழுந்து கொலையாளியைக் காட்டிக் கொடுத்தான் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். பாமுக்கின் நாவலிலும் கொலையுண்டவன் பேசுகிறான். ஆனால் கொன்றவன் பெயரைச் சொல்லவில்லை! அந்த வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறான்.

ஐம்பத்தொன்பது வாக்குமூலங்கள்

நாவலில் 59 அத்தியாயங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒருவர் 'நான்' என்று தொடங்கிச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும் காரா, அவன் மனத்தில் குடியிருக்கும் ஷெகூரே, அவளுடைய தந்தை எனிஷ்டே, கடிதம் சுமக்கும் யூத வியாபாரி எஸ்தர், முதுபெரும் ஓவியர் உஸ்மான் எனப் பலர் பேசுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி, நாரை, ஜைத்தூன் என்று பட்டப்பெயர் பெற்ற மூன்று ஓவியர்களும் பேசுகிறார்கள். இம்மூவருள் ஒருவன்தான் கொலையாளி. அவன் தன் பட்டப்பெயரில் நல்லவனாக ஒரு குரலில் பேசுகிறான். கொலைகாரன் என்ற பெயரில் வேறொரு குரலிலும் பேசுகிறான். முடிந்தால் என்னைக் கண்டுபிடியுங்கள் என்று நமக்கே சவால் விடுகிறான்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது ஹதீஸ் கலை. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்க்கும்படி நம் முன்னோர்கள் கற்றுத் தந்தார்கள். அறிவிப்பாளர் நேர்மையானவரா? நினைவாற்றல் உள்ளவரா? யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை நேரில் கண்டவரா? இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் போதாது, சந்தித்தார்கள் என்பதும் உறுதிப்பட வேண்டும் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நிபந்தனை வைத்தார்கள் அல்லவா?

இந்த உரைகல்லில் நாவலின் சாட்சிகளை உரசிப் பாருங்கள்! எஸ்தருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆயினும் கடிதத்தின் மடிப்பையும் வாசனையையும் கொண்டு பொருள் சொல்லத் துணிகிறாள். பல நேரங்களில் அவள் சொல்வது சரியாகவும் இருக்கிறது. காராவோ காதல்வயப்பட்டவன். ஷெகூரேயின் குறைகள் அவன் கண்ணில் படுவதில்லை. ஷெகூரே அறிவுள்ளவள், அன்புள்ள தாய். ஆயினும் தன் பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு மிகப் பெரிய உண்மையொன்றை ஊராரிடமிருந்து மறைக்கிறாள். மூன்று ஓவியர்களும் அலிஃப், பா, ஜீம் என்று வரிசையிட்டு மும்மூன்று கதைகள் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க இனிக்கும் கதைகள் அவை. முதல் வாசிப்பில் அந்த இனிமையில் மயங்கினேன். இரண்டாம் வாசிப்பில், கதை சொல்லும் திறமை வேறு, நேர்மை வேறு என்பது உறைத்தது. கொலையாளியும் தொழிலில் மேதை. அவன் நாவும் தேன்.

அப்படியானால் அவனை எப்படித்தான் கண்டுபிடிப்பது? செத்தவரின் உடலில் கிடைத்த காகிதத்தில் குதிரை ஓவியம் ஒன்று இருக்கிறது. அதன் நாசியில் ஒரு விசித்திரம். கையெழுத்து இல்லாத அந்தப் படத்தை வரைந்த கை எது? மூன்று நாள் தவணை பெற்று, அரண்மனைக் கருவூலத்தில் அடைந்து கிடந்து, நூற்றாண்டுகளின் சித்திர நூல்களைப் புரட்டுகிறார்கள் உஸ்மானும் காராவும். மனிதன் எவ்வளவு மறைத்தாலும் அவன் கைப்பழக்கம் ஏதோ ஒரு மூலையில் அவனைக் காட்டிக் கொடுக்கும் என்பதே அந்தத் தேடலின் அடிப்படை. கைகளும் கால்களும் சாட்சி சொல்லும் நாளொன்று உண்டு என நம்புகிற நமக்கு இக்கருத்து புதிதன்று.

காணாத படமும் கேட்ட பேச்சும்

இனி நாவலின் உயிர்நிலைக்கு வருவோம். ஸரீஃப் எஃபெந்தி ஏன் கொல்லப்பட்டார்?

அந்த இரகசிய நூலின் இறுதிப் படத்தில் மார்க்கத்துக்கு விரோதமான ஏதோ இருக்கிறது என்ற பேச்சு நகரில் உலவுகிறது. படத்தில் ஆளுக்கொரு பகுதியை வரைந்தவர்களே அதன் முழுமையை அறியார்கள். ஆனால் எல்லோருக்கும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது! ஸரீஃபின் உள்ளத்தில் அச்சம் புகுகிறது. தாம் பெரும் பாவத்துக்குத் துணைபோனோமோ என்று கலங்குகிறார். அவர் கலங்கி வாய் திறந்தால், எர்ஸுரூம் நகரிலிருந்து வந்த நுஸ்ரத் ஹோஜா என்னும் போதகரின் கூட்டத்தார் காதில் விழும். ஓவியக்கூடமே அழிந்துபோகும் என்று இன்னொருவன் அஞ்சுகிறான். ஓர் அச்சம் இன்னோர் அச்சத்தைக் கொன்றுவிடுகிறது. கொன்றவனும் தன் தோழர்களைக் காப்பாற்றவே கொன்றதாகத் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான்.

எண்ணிப் பாருங்கள்! எவரும் முழுதாகக் காணாத ஒரு படம். அதைப் பற்றிய பேச்சு மட்டும் தெருத்தெருவாக நடந்து போய், ஒரு வீட்டில் விதவையையும் யத்தீம் பிள்ளைகளையும் உண்டாக்கிவிட்டது.

இதைப் படித்தபோது எங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மஹல்லா இளைஞன் ஒருவன், கல்லூரி ஆண்டு மலரில் கவிதை எழுதினான். பாங்கு சப்தத்தைக் கேலி செய்து எழுதிவிட்டான் என்று பேச்சு பரவியது. நாலைந்து பேர் கொதித்துப் போய் ஜமாஅத்தில் முறையிட்டார்கள். முத்தவல்லி முதியவர். நிதானமானவர். "உங்களில் அதைப் படித்தவர் யார்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவர் எவருமில்லை! மலரை வரவழைத்துப் படித்தபோது, ஸுப்ஹு பாங்கு கேட்டதும் தன்னை எழுப்பிவிடும் பாட்டியார் மௌத்தான பின், பாங்கு ஒலித்தும் எழுப்ப ஆளில்லையே என்று அவன் அழுது எழுதியிருப்பது தெரிந்தது. முறையிட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பயன்? மலர் எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள், அவன் தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் கலைந்துவிட்டிருந்தது.

செய்தி கொண்டுவருபவனின் பேச்சைத் தீர விசாரிக்காமல் செயலில் இறங்கி, அறியாத மக்களுக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளையை எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! அதன் கனத்தை அன்று முத்தவல்லியின் கேள்வியில் கண்டேன். மீண்டும் இந்தத் துருக்கி நாவலில் கண்டேன்.

காணாமற்போன கணவன்

நம் இல்லத்துப் பெண்மணிகள் ஆர்வத்தோடு படிக்கும் பகுதி ஷெகூரேயின் கதையாகவே இருக்கும். அவள் கணவன் படைவீரன். போருக்குச் சென்று நான்கு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. உயிரோடிருக்கிறானா? தெரியாது. இறந்தானா? கண்டவரில்லை. இரண்டு ஆண் குழந்தைகளோடு தந்தை வீட்டில் இருக்கிறாள். மைத்துனன் ஹஸனோ அவளைத் தன் வீட்டுக்கு இழுக்கப் பார்க்கிறான்.

உஸ்மானிய நாட்டில் நடைமுறையிலிருந்த ஹனஃபி மத்ஹபின்படி அவளுக்கு எளிதில் விடுதலை கிடைக்காது. எனவே காரா படகேறி, கடலுக்கு அக்கரையிலுள்ள உஸ்குதார் செல்கிறான். அங்குள்ள காழி, தமக்குப் பதிலாக ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த துணை காழியை அமர்த்தி இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பது வழக்கம். காசும் சாட்சிகளும் கைமாறுகின்றன. தீர்ப்பு கிடைக்கிறது. நகைச்சுவையோடு எழுதப்பட்ட பகுதி இது. ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு பெண்ணின் கண்ணீர் இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில், இந்தப் பிரச்சினை கதையோடு முடிவதன்று. கணவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் தவித்த பெண்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். அவர்களின் துயர் தீர, மாலிகீ மத்ஹபின் தீர்வை ஆதாரமாகக் கொண்டு நம் நாட்டு உலமாக்கள் குரல் கொடுத்தார்கள். அதன் விளைவாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றித் தகவல் ஏதும் இல்லையென்றால் மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கோரலாம். தீர்ப்புக்குப் பின்னும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து, இல்லறக் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தம் என்று நீதிமன்றம் ஏற்கும்படி சொன்னால் தீர்ப்பு நீக்கப்படும். இந்த விவரம் நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிணற்றில் கிடக்கும் ஸரீஃபும் போர்க்களத்தில் மறைந்த ஷெகூரேயின் கணவனும் ஒரே வகையினர் என்று எனக்குப் பட்டது. இருவருக்கும் என்ன நேர்ந்தது என்ற உண்மை வெளிவரும் வரை, இருவர் வீட்டுப் பெண்களும் வாசலைப் பார்த்தே வாழ வேண்டியிருக்கிறது. உண்மையைத் தாமதிக்கச் செய்பவன், உயிரோடிருப்பவர்களுக்கும் அநீதி செய்கிறான்.

பேச வாய்ப்புக் கிடைக்காதவர்

இத்தனை பாராட்டிய பின் என் மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும்.

நாவலில் ஒரு காப்பிக் கடை வருகிறது. 1550களில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் முளைத்தது முதல், அவை கூடுமா கூடாதா என்ற சர்ச்சையும் உடன் முளைத்தது. நாவலின் கடையில் கதைசொல்லி ஒருவன், சுவரில் ஒரு படத்தை மாட்டி அதன் குரலில் பேசுகிறான். நாய் பேசுகிறது. மரம் பேசுகிறது. பொற்காசு பேசுகிறது. மரணம் பேசுகிறது. சிவப்பு நிறமும் பேசுகிறது. ஷைத்தானுக்குக்கூட ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது! ஆனால் நகரையே நடுங்க வைக்கும் நுஸ்ரத் ஹோஜாவுக்கு 59 அத்தியாயங்களில் ஒன்றுகூட இல்லை. அவரைப் பற்றிப் பிறர் சொல்வதையே கேட்கிறோம். அவருடைய கூட்டத்தார் கடையைத் தாக்குவதைப் பார்க்கிறோம். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று அவர் வாயால் கேட்கவே இல்லை.

அவர் வழியை நான் சரி காண்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். பேச்சால் கூட்டத்தைத் தூண்டிவிட்டு, விளைவுக்குப் பொறுப்பேற்காத போதகர்களால் மார்க்கத்துக்கு நேர்ந்த அவப்பெயர் கொஞ்சமன்று. அப்படிப்பட்டவர் எந்தக் காலத்திலும் உண்டு என்பதை நம்மவர்கள் கசப்போடேனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் கொலைகாரனுக்கே தன் பக்கத்தைச் சொல்ல இடம் தந்த ஆசிரியர், ஹோஜாவையும் ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கலாமே! அவர் பேசியிருந்தால் நம் வெறுப்பு குறைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நம் அறிவு கூடியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஆண் பெண் உறவைப் பற்றிய கூச்சமற்ற வர்ணனைகள் பல இடங்களில் வருகின்றன. ஆதலால் இது சிறுவர் கையில் கொடுக்கத் தக்க நூலன்று. வயது வந்தவர்களும் தேர்ந்து படிக்க வேண்டும்.

தாய் தந்த எச்சரிக்கை

நாவலின் இறுதியில் பேசுபவள் ஷெகூரே. அவள் இளைய மகனின் பெயர் ஓரான். ஆசிரியரின் பெயரும் அதுவே. தம் தாயின் பெயரையும் அண்ணனின் பெயரையும்கூட அவர் கதையில் வைத்திருக்கிறார். தன்னிடமிருந்த கடிதங்களையும் நினைவுகளையும் மகனிடம் கொடுத்ததாகக் கூறும் அந்தத் தாய், கதை சுவைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் கலக்கவும் தயங்காதவன் தன் மகன் என்று நம்மை எச்சரித்துவிட்டு விடைபெறுகிறாள்!

அந்த வரியைப் படித்துச் சற்று நேரம் அசையாமல் இருந்தேன். 59 வாக்குமூலங்களையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த கடைசி அறிவிப்பாளர் மீதே குற்றச்சாட்டு. அதைச் சொல்பவர் அவரைப் பெற்றவள். எழுதியவரோ அவரேதான்! தன் சாட்சியத்தையே ஐயப்படும்படி வாசகனுக்குக் கற்றுக்கொடுத்து நூலை முடிக்கும் துணிவு எத்தனை எழுத்தாளருக்கு வரும்?

இன்று செய்தி நடந்து வருவதில்லை, பறந்து வருகிறது. கைப்பேசியைத் திறந்தால், இன்னார் இப்படிச் சொன்னார், இன்ன ஊரில் இப்படி நடந்தது என்று காலை முதல் இரவு வரை வந்து குவிகிறது. தொழுகையாளிகளும் அனுப்புகிறார்கள். படித்தவர்களும் அனுப்புகிறார்கள். அந்த இரகசியப் படத்தைப் போலவே, முழுவதையும் கண்டவர் அதில் எத்தனை பேர்? வீட்டில் பிள்ளை அப்படி ஒரு செய்தியை ஓடி வந்து சொல்லும்போது, முத்தவல்லியின் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: "நீ பார்த்தாயா? பார்த்தவர் யார்?" தாய்மார்கள் இந்த ஒரு கேள்வியைக் குழந்தைக்குப் பழக்கிவிட்டால், வளர்ந்தபின் அவனை எவராலும் எளிதில் ஏவிவிட முடியாது.

மர்ம நாவல் ஒன்றிலிருந்து இவ்வளவா என்று நீங்கள் வியக்கலாம். ஆலிம்கள் மேடையில் சொல்வதைச் சில வேளைகளில் ஒரு கதை காதோடு சொல்லிவிடுகிறது. கேட்டதை எடை போட்டுப் பார்க்கும் நிதானத்தையும், எவர் மீதும் அறியாமல் பழி சுமத்தாத நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.